மாத்திரையைக் குறை சொல்லப் போன இடத்தில்

கொரோனாவுக்குப் போட்ட எம்.சி.ஓ. ஊரடங்கு எல்லாம் முடிந்து, பத்துமலைத் தைப்பூசம் மறுபடியும் பழைய கூட்டத்தோடு நடக்க ஆரம்பித்த காலம் அது. பூசத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை. கிள்ளானில் நாங்கள் குடியிருக்கும் தாமானுக்குப் பக்கத்தில் இருக்கும் கிளினிக்குக்கு நான் சண்டை போடப் போனேன். உடம்புக்கு முடியாமல் போகவில்லை, சண்டை போடத்தான் போனேன். கொடுத்த மாத்திரை வேலை செய்யவில்லை என்று டாக்டரை நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருவதுதான் திட்டம்.

நான் ஸ்கூல் வேன் ஓட்டுபவள். வாய் கொஞ்சம் நீளம். வேனில் பிள்ளைகள் போடும் சத்தத்தைவிட என் சத்தம்தான் பெரிது என்று பெற்றோர்களே சொல்வார்கள். எனக்குக் கோபம் வந்தால் ரோட்டில் லோரிக்காரனும் ஒதுங்கிக்கொள்வான். என் வீட்டுக்காரரே துறைமுகத்தில் கன்டெய்னர் லோரி ஓட்டுகிறவர்தான். அவரும் ஒதுங்கிக்கொள்கிற ரகம்.

மாத்திரை விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நேர்த்திக்கடனாகப் பால்குடம் எடுக்கிற பெண்களுக்கு வருஷா வருஷம் ஒரே கவலை. விரதத்தின் நடுவிலோ பூசத்தன்றோ மாதவிலக்கு வந்துவிடக் கூடாது. வந்தால் குடத்தைத் தொட முடியாது, இருந்த விரதமெல்லாம் வீண். அதனால் தள்ளிப்போடுகிற மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்வோம். ஆண்களிடம் சொல்ல மாட்டோம், ஆனால் எங்களுக்குள் இது ஊரறிந்த ரகசியம். பூச சீசனில் போய் நின்றாலே கவுண்டரில் இருக்கிற பெண்ணுக்கு எதற்கு வந்திருக்கிறோம் என்று தெரிந்துவிடும். நானும் பல வருஷமாகப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு தடவைகூட மாத்திரை என்னை ஏமாற்றியதில்லை.

அந்த வருஷம் ஏமாற்றியது. ஒழுங்காகப் போட்டுக்கொண்டிருக்கும்போதே இரத்தம் பட்டது. கொஞ்சம் பட்டு, நின்று, மறுபடியும் பட்டது. நாள் தவறாமல் விரதம் இருந்தவள் நான். எனக்கு எப்படி இருந்திருக்கும்? காலாவதியான சரக்கை என் தலையில் கட்டிவிட்டார்கள் என்றே முடிவு கட்டிவிட்டேன்.

கிளினிக்கில் இருந்தவர் புதிதாக வந்திருந்த லேடி டாக்டர். நம் ஊர்ப் பெண்தான், என் மூத்த பிள்ளையைவிடக் கொஞ்சம் பெரியவராக இருப்பார். நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டேன்.

“டாக்டர், இது எக்ஸ்பயர் ஆன மருந்தா? இன்னும் ஸ்ட்ராங்கா ஒன்னு குடுங்க. எனக்குப் பால்குடம் இருக்குலா.”

அவர் மாத்திரையைப் பற்றிப் பேசவே இல்லை. நான் கத்தி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மாத்திரை போடாத மாதங்களிலும் இப்படி இடையில் படுவதுண்டா என்று கேட்டார். அடுத்து, கணவரோடு இருந்த பிறகு படுமா என்று கேட்டார். அவ்வளவுதான். ரோட்டையே அதட்டுகிற வாய் அந்தக் கேள்விக்கு மூடிக்கொண்டது. மேஜையில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டே தலையை மட்டும் ஆட்டினேன்.

ஆமாம், பட்டுக்கொண்டுதான் இருந்தது. மாசக்கணக்கில். அதற்கு நானே ஒரு காரணமும் கண்டுபிடித்து வைத்திருந்தேன். நாள் முழுக்க வேன் சீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து உடம்புச் சூடு. நாற்பதைத் தாண்டியாகிவிட்டது, மாதவிலக்கு நிற்கப் போகிற காலம், அப்படி இப்படி இருக்கும். வெந்தயத்தை ஊறவைத்துச் சாப்பிட்டேன், இளநீர் குடித்தேன். வேறு யாரிடமும் மூச்சு விடவில்லை. பேப் ஸ்மியர் கடைசியாக எப்போது எடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. கடைசிப் பிள்ளை பிறந்தபோது எடுத்தது. அந்தப் பிள்ளைக்கு இப்போது மீசை முளைத்துவிட்டது.

“படுங்க ஆன்டி, பார்த்துடுவோம்” என்றார். பூசத்துக்குப் பிறகு பார்க்கலாம் என்று நழுவப் பார்த்தேன். விடவில்லை. கூச்சத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டு படுத்திருந்தேன். விளக்கைத் திருப்பி வைத்தார், மறுபடியும் பார்த்தார். அதுவரை பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று அமைதியாகிவிட்டார். அந்த அமைதிதான் எனக்கு முதன்முதலில் பயத்தைக் கொடுத்தது.

“மாத்திரை மேல தப்பு இல்ல ஆன்டி. கருப்பை வாயில ஒரு புண்ணு மாதிரி இருக்கு. அது எனக்குப் பிடிக்கல. பெரிய ஆஸ்பத்திரியில பார்த்தே ஆகணும்.”

“பூசம் முடிஞ்சு போறேன் டாக்டர். ஒரு வாரம்தானே.”

“முருகன்கிட்ட நான் உங்களுக்கு லீவு கேட்டுக்குறேன். நீங்க நாளைக்கே போறீங்க.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் நான் எழுந்து வருவதற்குள் கோலாலம்பூரில் இருக்கும் பெரிய அரசு மருத்துவமனைக்கு அவரே போன் போட்டுப் பேசிவிட்டார். சண்டைக்குப் போனவள் தலையைக் குனிந்துகொண்டு வீடு திரும்பினேன்.

அந்த வருஷம் என் பால்குடத்தை என் வீட்டுக்காரர் எடுத்தார். எடுக்கட்டுமா என்று கேட்கக்கூட இல்லை. ஒவ்வொரு வருஷமும் தண்ணீர்ப் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நிழலில் நிற்கிற மனுஷன், மஞ்சள் வேட்டியைக் கட்டிக்கொண்டு அத்தனை படியும் ஏறினார். கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அழுகை அடக்க முடியவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் சதைத் துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். வந்த பதில், கருப்பை வாய்ப் புற்றுநோய். அதைக் கேட்டபோது என் மனதில் முதலில் ஓடியது சாவு இல்லை, வேன். நாளைக்குப் பிள்ளைகளை யார் ஏற்றுவது என்றுதான் ஓடியது. பயம் வீட்டுக்கு வந்து சோற்றுப் பானையைத் திறந்தபோதுதான் வந்தது. அப்படியே அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

மருத்துவமனைக்குக் கிள்ளானிலிருந்து அடிக்கடி அலைய வேண்டாம் என்று சாலாக் செலாத்தானில் இருக்கும் என் நாத்தனார் வீட்டில் தங்கினோம். என் கணவருக்கு மூத்தவர். காலையில் வீட்டு வாசலில் அப்பம் சுட்டு விற்பவர். வாய் விஷயத்தில் எனக்குச் சமம், அதனால் எங்கள் இருவருக்கும் பெரும்பாலும் முட்டிக்கொள்ளும். விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, “எந்த ஸ்டேஜ்?”

அதன்பிறகு யாரைப் பார்த்தாலும் அதே கேள்விதான். சொந்தக்காரர்கள், கோயில்காரர்கள், வேனில் வருகிற பிள்ளைகளின் அம்மாக்கள் எல்லாரும் என்ன சாப்பிட்டாய் என்று கேட்பது மாதிரி கேட்டார்கள். எனக்கே தெரியாததை நான் என்னவென்று சொல்வது?

எங்களுக்கு அமைந்த சர்ஜன் ஒரு சீன டாக்டர். ‘வலி இருக்கா’ என்கிற இரண்டு வார்த்தை மட்டும் சுத்தமான தமிழில் பேசுவார், மற்றதெல்லாம் மலாய். அவர்தான் ஸ்டேஜ் என்றால் என்னவென்று புரிய வைத்தார். நோய் பிறந்த இடத்திலேயே இருக்கிறதா, பக்கத்துத் தசைக்குப் போய்விட்டதா, இன்னும் தள்ளிப் போய்விட்டதா என்று பார்ப்பதுதான் அது. கையால் சோதித்து, எம்.ஆர்.ஐ. எடுத்து, நெஞ்சையும் படம் பிடித்துத்தான் சொல்ல முடியும். கருப்பை வாய்க்குள்ளேயே சின்னதாக இருந்தால் ஆபரேஷன் செய்யலாம். பக்கத்துக்குப் பரவியிருந்தால் வெட்டி எடுப்பதில் பயனில்லை, கதிர்வீச்சும் மருந்தும் சேர்த்துக் கொடுப்பார்கள். “ஆபரேஷன் இல்லை என்றால் கைவிட்டுவிட்டோம் என்று அர்த்தமில்லை. அதுவும் குணப்படுத்தத்தான்” என்று அழுத்திச் சொன்னார்.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் என் மனதுக்குள் ஆபரேஷன் என்றால் பிழைத்தேன், இல்லை என்றால் போனேன் என்று ஒரு கோடு விழுந்துவிட்டது. அந்தக் கோட்டின் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று தெரியாமல் காத்திருந்த நாட்கள்தான் எல்லாவற்றையும்விடக் கொடுமை. எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் ரோடு தோண்டுகிற சத்தம். அசையக் கூடாது, பேசவும் கூடாது. பேசாமல் நான் அவ்வளவு நேரம் இருந்தது அதுவே முதல் தடவை.

முடிவு சொல்லும் நாளில் டாக்டர் படங்களைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், ஒரு விரலை மட்டும் உயர்த்திக் காட்டினார். ஸ்டேஜ் ஒன்று. கட்டி சின்னது, கருப்பை வாயை விட்டு வெளியே போகவில்லை. ஆபரேஷன் செய்யலாம். என் வீட்டுக்காரர் அந்த ஒற்றை விரலைப் பார்த்து, பிள்ளைக்குப் பரீட்சையில் முதலிடம் கிடைத்த மாதிரி சிரித்தார்.

நீ என்ன வேலை செய்கிறாய் என்று டாக்டர் கேட்டார். வேன் ஓட்டுகிறேன் என்றேன். அப்படியானால் உனக்கு டோலை வைத்தே சொல்கிறேன் என்று ஆரம்பித்தார். கருப்பையையும், அதன் வாயையும், சுற்றியுள்ள தசையையும் எடுத்துவிடுவார்கள். சினைப்பைகள் நன்றாக இருந்தால் விட்டுவைப்பார்கள். கூடவே அடிவயிற்றில் இருக்கும் நிணநீர் முடிச்சுகளையும் எடுப்பார்கள். அவைதான் டோல் பிளாசா. நோய் ஊரைவிட்டுக் கிளம்பினால் பெரும்பாலும் அந்த டோலில்தான் முதலில் நிற்கும். எடுத்த முடிச்சுகளை லேப்பில் வைத்துப் பார்த்து, ஒன்றிலும் நோய் இல்லை என்றால் அது இன்னும் ஊரைவிட்டே கிளம்பவில்லை என்று நம்பலாம். இருந்தால், ஆபரேஷனுக்குப் பிறகும் கதிர்வீச்சு வேண்டும். படத்தில் சுத்தமாகத்தான் தெரிகிறது, ஆனால் கடைசித் தீர்ப்பு லேப்பில்தான் என்று சொல்லி அனுப்பினார். இத்தனை வருஷ வண்டி ஓட்டத்தில் டோல் சுத்தமாக இருக்க வேண்டும் என்று நான் சாமி கும்பிட்டது அப்போதுதான்.

நாத்தனாருக்கு ஆபரேஷன் என்ற பேச்சே பிடிக்கவில்லை. துரியான் பெலண்டா என்கிற முள்சீத்தா இலையை எங்கிருந்தோ பை நிறையக் கொண்டுவந்து காய்ச்சிக்கொண்டிருந்தார். “கத்தி பட்டா பரவிடும்லா. எங்க வீட்டு வரிசையில ஒருத்திக்கு வெட்டினாங்க, அப்புறம்தான் உடம்பு பூரா பரவுச்சு. இந்தத் தண்ணியக் குடி, சுருங்கிடும்” என்று ஒரே பிடி. எப்போதும் அவர் ஒன்று சொன்னால் நான் இரண்டு சொல்வேன். அன்று உள்ளுக்குள் எனக்கும் அதே பயம். கத்தி வைக்காமலே சரியாகிவிடும் என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்றுதான் மனசு அலைந்தது. டம்ளரைக் கையில் வாங்கிவிட்டேன்.

அப்போதுதான் மூலையில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார்.

“அக்கா, டயர்ல ஆணி குத்தியிருந்தா ஆணியப் பிடுங்குவோமா, இல்ல இலைய அரைச்சுப் பூசுவோமா?”

அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. நாத்தனார் முணுமுணுத்தபடி அடுப்படிக்குப் போனார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அடுத்த முறை டாக்டரிடமே கேட்டேன், கத்தி பட்டால் பரவுமா என்று. கத்தி வைப்பதற்கு முன்பே பரவியிருந்ததுதான் பிறகு தெரிய வருகிறது, பழி கத்திக்கு வருகிறது, அதனால்தான் வெட்டுவதற்கு முன்பே இவ்வளவு சோதனை என்றார். கேட்டதுதான் கேட்டோம், இதையும் கேட்டுவிடுவோம் என்று, சின்ன ஓட்டை போட்டுச் செய்கிறார்களே, எனக்கும் அப்படிச் செய்யக் கூடாதா என்றும் கேட்டேன். இந்த நோய்க்கு வயிற்றைத் திறந்து செய்வதுதான் நம்பகமானது, தழும்பைப் பற்றிக் கவலைப்படாதே என்றார். நான் என்ன மேடை ஏறி ஆடவா போகிறேன், திறங்கள் என்றேன்.

திறந்தார்கள். கண் விழித்தபோது தொண்டை காய்ந்து, வயிறு கல்லாகக் கனத்தது. டாக்டர் வந்து நின்று, கண்ணுக்குத் தெரிந்தவரை எல்லாம் சுத்தம், சினைப்பைகளை விட்டுவைத்திருக்கிறேன், எடுத்ததெல்லாம் லேப்புக்குப் போயிருக்கிறது, வந்ததும் சொல்கிறேன் என்றார். மறுபடியும் காத்திருப்பு.

ஆனால் அந்தக் காத்திருப்பில் எனக்கு வேறு ஒரு பரீட்சை வைத்துவிட்டார்கள். இதை வெளியில் யாரும் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். இந்த மாதிரிப் பெரிய ஆபரேஷனில் சிறுநீர்ப்பைக்குப் போகும் நரம்புகளும் கொஞ்சம் கலங்கிவிடும். பை தூங்கிப்போகும், நிறைந்தாலும் உணர்வு வராது. அதனால் டியூப் போட்டு வைத்திருந்து, கொஞ்ச நாள் கழித்து எடுத்துவிட்டு, தானாகப் போக முடிகிறதா என்று பார்ப்பார்கள்.

இதில் என் தொழில் எனக்கு எதிரி. வேன் ஓட்டுகிறவர்கள் சிறுநீரை அடக்குவதில் டிகிரி வாங்கியவர்கள். பிள்ளைகளை வைத்துக்கொண்டு கழிப்பறையைத் தேடி எங்கே நிறுத்துவது? காலையில் அரை கிளாஸ் கோப்பியோடு வாயைக் கட்டிக்கொண்டால், ட்ரிப் எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்துதான் தண்ணீரே குடிப்பேன். அப்படிப் பழகிய உடம்பிடம் மிஸ்ஸி வந்து, “ஆன்டி, தண்ணி குடிச்சுக்கிட்டே இருங்க, வரலன்னாலும் நேரத்துக்குப் போய் உக்காருங்க” என்றால் அது கேட்குமா? எங்கள் பக்கம் நர்ஸை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். அந்த மிஸ்ஸி ஒரு தமிழ்ப் பெண், ரொம்பக் கண்டிப்பு.

முதல் தடவை தோற்றுப்போனேன். உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்ததுதான் மிச்சம். ஸ்கேன் வைத்துப் பார்த்தால் உள்ளே அப்படியே தேங்கி இருந்தது. டியூபை மறுபடியும் போட்டார்கள். கேன்சர் என்று சொன்ன நாளில்கூட அப்படி அழவில்லை. டியூபோடு எப்படி வேன் ஓட்டுவேன் என்று தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டு தேம்பினேன்.

அடுத்த தடவை வார்டு முழுவதும் தயாராக இருந்தது. மக்சிக் என்று நாங்கள் கூப்பிடும் பக்கத்துக் கட்டில் மலாய் அம்மா நான் கழிப்பறைக்குள் நுழையும்போதே துஆ ஓத ஆரம்பித்துவிட்டார். எதிர்க் கட்டில் சீன ஆன்டி பைப்பைத் திறந்துவிடு, தண்ணீர்ச் சத்தம் கேட்டால் வரும் என்று சைகை காட்டினார். பைப்பைத் திறந்துவிட்டேன். பொறுமையாக உட்கார்ந்தேன். வந்தது. முதலில் தயங்கித் தயங்கி, பிறகு மழை கொட்டுகிற மாதிரி. வெளியே வந்ததும் மிஸ்ஸி ஸ்கேனை வைத்துப் பார்த்தார், மறுபடியும் வைத்துப் பார்த்தார். பிறகு வார்டு அதிரக் கத்தினார்.

“லுலுஸ்!”

மலாயில் பாஸ் என்று அர்த்தம். மொத்த வார்டும் கைதட்டியது. பள்ளிக்கூடத்தில் நான் எதிலும் முதலாவதாக வந்ததில்லை, மேடையில் பரிசு வாங்கியதில்லை. ஒண்ணுக்குப் போனதற்காக மூன்று இனத்துப் பெண்களும் எனக்குக் கைதட்டினார்கள். நானும் வெட்கமில்லாமல் கும்பிடு போட்டு ஏற்றுக்கொண்டேன்.

சாலாக் செலாத்தானுக்குத் திரும்பி, லேப் பதிலுக்காகக் காத்திருந்தோம். என் பிள்ளைகளின் ட்ரிப்பை மற்ற வேன்காரர்கள் தங்களுக்குள் பிரித்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நாத்தனார்தான் என்னைக் குளிப்பாட்டினார், சோறு ஊட்டினார், தையல் போட்ட இடத்தைத் துடைத்துவிட்டார். இலைப் பேச்சை எடுக்கவே இல்லை. முடிவு சொல்லும் நாள் வந்ததும் நானும் வருகிறேன் என்று பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஆஸ்பத்திரிக்கு எதற்கு அக்கா பட்டு என்று கேட்டேன். நல்லதுதான் சொல்லப் போறாங்க, வா என்றார்.

டாக்டர் எங்களை ரொம்ப நேரம் தவிக்க விடவில்லை. நாங்கள் உட்கார்ந்ததுமே சிரித்துக்கொண்டு மலாயில் சொன்னார், எல்லா டோலும் சுத்தம் என்று. ஒரு முடிச்சில்கூட நோய் இல்லை. வெட்டிய விளிம்புகளிலும் இல்லை. கதிர்வீச்சு வேண்டாம், மருந்து வேண்டாம். சில வருஷங்களுக்குத் தவறாமல் செக்கப் வர வேண்டும், அது மட்டும்தான்.

நான் போட்ட சத்தத்தில் வெளியே இருந்த மிஸ்ஸி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கத்தினேன். ஆபரேஷன் செய்த வயிறு சுரீரென்றது, பரவாயில்லை. ஜெயித்துவிட்டேன், வேறு எப்படிச் சொல்ல? என் வீட்டுக்காரர் டாக்டரின் கையைக் குலுக்கினார், மிஸ்ஸியின் கையைக் குலுக்கினார், வெளியே வந்து காத்திருந்த முன்பின் தெரியாத மனிதர்களுக்கும் வாசலில் நின்ற காவலாளிக்கும் கை கொடுத்துக்கொண்டே வந்தார். அவர்களும் எதற்கென்று தெரியாமலே வாழ்த்துச் சொன்னார்கள். ஸ்டியரிங் பிடிக்கலாமா என்று கேட்டிருந்தேன், மெதுவாக ஆரம்பிக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரே நாளில் இரண்டு வரம்.

நேராகப் பிரிக்பீல்ட்ஸுக்குப் போய் வாழை இலைச் சாப்பாடு என்று முடிவானது. கடையில் நல்ல கூட்டம். என் வீட்டுக்காரர் மீன் தலைக்கறி சொல்லக் கவுண்டர் பக்கம் போனார். நான் இலையைத் துடைத்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தேன், நிறுத்தாமல். நிமிர்ந்து பார்த்தால் நாத்தனார் பட்டு முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

“எனக்கும் படுதுலா” என்றார்.

எனக்குச் சட்டென்று புரியவில்லை. அவருக்கு மாதவிலக்கு நின்று வருஷக்கணக்காகிறது. “எவ்ளோ நாளா?” என்றேன்.

“உனக்கு முந்தியே. அந்த இலைத் தண்ணிய உனக்காக மட்டும் காய்ச்சல. நான்தான் குடிச்சுக்கிட்டு இருக்கேன்.”

கடையின் அத்தனை சத்தமும் எனக்குக் கேட்காமல் போய்விட்டது. பார்க்கிற நேரமெல்லாம் எந்த ஸ்டேஜ், எந்த ஸ்டேஜ் என்று என்னைக் குடைந்தாரே, அந்தக் கேள்வி என்னைப் பற்றியது மட்டும் இல்லை. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு தனியாக அப்பம் சுட்டுப் பிழைக்கிற மனுஷி. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “யார்கிட்ட சொல்றது? தம்பிகிட்டயா சொல்ல முடியும்? போனா ஸ்டேஜ் சொல்லிடுவாங்கன்னு பயம்” என்று சொல்லிவிட்டு அந்தப் பட்டுப் புடவையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்று வரைக்கும் எங்களுக்குள் இருந்த முட்டல் மோதலெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“எந்த ஸ்டேஜா இருந்தாலும் அதுக்கு ஒரு வைத்தியம் வச்சிருக்காங்கக்கா. நம்ம சொல்லலன்னா அவங்களால என்ன பண்ண முடியும்? சாப்பிடுங்க, கிளம்புவோம்.”

ஆபரேஷனுக்குப் பிறகு நான் வேனை எடுத்த முதல் நாளில் ஏறிய ஒரே பயணி என் நாத்தனார்தான். கிள்ளானில் நான் சண்டைக்குப் போன அதே கிளினிக்குக்கு ஓட்டினேன். வழியெல்லாம் திரும்பிப் போயிடலாம்லா என்று அனத்திக்கொண்டே வந்தார். கதவை லாக் செய்துவிட்டேன் என்று மிரட்டினேன். டாக்டர் என்னைப் பார்த்ததும் இன்று என்ன மருந்தில் குறை என்று கேட்டுச் சிரித்தார். ஒரு குறையும் இல்லை, ஆள் கொண்டுவந்திருக்கிறேன் என்றேன்.

நாத்தனாருக்கு இரத்தம் பட்டதற்குக் காரணம் பயப்பட வேண்டாத ஒரு சின்னச் சதை வளர்ச்சி. அதை எடுத்துவிட்டார்கள். ஆனால் அதைப் பார்க்கப் போன இடத்தில் எடுத்த டெஸ்டில், கருப்பை வாயில் வேறு ஒரு மாற்றம் தெரிந்தது. அப்படியே விட்டிருந்தால் பின்னால் புற்றுநோயாக மாறக்கூடியது, இன்னும் மாறவில்லை. ஸ்டேஜ் என்ற பேச்சே வருவதற்கு முன்பு பிடித்துவிட்டார்கள். பெரிய ஆபரேஷன் இல்லை, டோல் இல்லை, டியூப் இல்லை. அந்தச் சின்னப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்து அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முடிவு நல்லபடியாக வந்த அன்று, என்னைவிடப் பெரிய சத்தம் போட்டது அவர்தான். இப்போது அப்பம் வாங்க வருகிற பெண்களிடமெல்லாம், டெஸ்ட் எடுத்தாச்சா என்று கேட்காமல் அவர் தேங்காய்ப்பால் ஊற்றுவதில்லை.

இதெல்லாம் நடந்து சில வருஷமாகிவிட்டது. ஒவ்வொரு செக்கப்பிலும் சுத்தம் என்ற வார்த்தையை வாங்கிக்கொண்டு வருகிறேன். காலையில் வேன் ஹாரன் அடிக்கிறேன், பிள்ளைகளை அதட்டுகிறேன், நல்லாவே தண்ணீர் குடிக்கிறேன். என் கதையை நான் ஒளித்து வைக்கவில்லை. கல்யாண வீடு, கோயில், பாசார் மாலாம் இரவுச் சந்தை என்று எங்கே கேட்டாலும் சொல்கிறேன். அதனால் இப்போது புதுப் பழக்கம் ஒன்று ஏற்பட்டிருக்கிறது. பிள்ளையை ஏற்றிவிட வருகிற அம்மாக்களில் யாராவது ஒருத்தி, மற்றவர்கள் போகும்வரை நின்று, டிரைவர் பக்கக் கண்ணாடிக்கு வந்து, அக்கா, ஒன்னு கேக்கணும் என்று இழுப்பாள். அவள் பார்வை எங்கோ இருக்கும், குரல் உள்ளே போயிருக்கும். பள்ளிக்கூட மணி அடிக்கட்டும், பின்னால் நிற்கிற கார்க்காரன் ஹாரனைக் கிழிக்கட்டும், நான் இஞ்சினை அணைத்துவிடுகிறேன். நான் பிழைத்து வந்ததே அந்தக் குரலைக் காது கொடுத்துக் கேட்பதற்குத்தான் என்று எனக்கு இன்றும் தோன்றுகிறது.